மேல்மாடிக்காரி குடித்த பச்சை முட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகள் ஓர் அமெரிக்கப் பகிடிப் படத்தைப் போட்டுவிட்டுச் சோபாவில் சரிந்து கிடந்தாள். பள்ளிக்கூடப் பெட்டைகள் குட்டைப் பாவாடையும் கையில் பளபளக்கும் குஞ்சங்களுமாக ஒருத்திமேல் ஒருத்தி ஏறி நின்று கத்துகிற சியர்லீடிங் போட்டிப் படம். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். “அம்மா, இது உங்களுக்கு விளங்காது” என்றாள், டெனிஷில். எனக்கா விளங்காது? “மேலே நிற்கிறவள் முழங்காலை இறுக்கவில்லை, இந்தா விழப் போகிறாள்” என்றேன். விழுந்தாள். மகள் வாயைத் திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்பத்தெட்டு வயதில் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரிகளே, இது உங்களுக்குத்தான். டென்மார்க்கில், இந்த யூலாந்துப் பக்கத்தில் வளர்ந்த நாங்கள் எங்கள் அம்மாமாரிடம் எதை எதை ஒளித்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நான் ஒளித்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஒளித்ததை நீங்கள் சொல்லுங்கள்.

சில்க்போர்க்கில் ஏரிக்கரையோரம் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. மூன்றாம் மாடியில் என் வகுப்புப் பெட்டை ஒருத்தி தகப்பனோடு இருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ‘மேல்மாடிக்காரி’ என்றுதான் பெயர். தோளும் கையும் திரண்ட டெனிஷ் பெட்டை. சிரித்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். எனக்குப் பதின்மூன்று வயது. நானோ ஈர்க்குப் போல இருந்தேன். “காத்தடிச்சால் நீ ஏரிக்குள்ளைதான் போய் விழுவாய்” என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லியே சோறு போடுவார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கியோஸ்கில் வாடகைக்கு வீடியோ கசெட் கொடுப்பார்கள். அந்த இலைதுளிர் காலத்தில் நானும் மேல்மாடிக்காரியும் ஒரே கசெட்டைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தோம். அதுவும் இப்படி ஒரு சியர்லீடிங் பகிடிப் படம்தான். அதில் ஒருத்தி இன்னொருத்தியின் உள்ளங்கையில் ஒற்றைக் காலில் நிற்பாள். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் நாடா தேய்ந்து, அவள் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடத் தொடங்கிவிட்டது. கியோஸ்க்காரர் கடைசியில் கசெட்டை எங்களுக்கே தந்துவிட்டார். அது எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு உடற்பயிற்சி எடுத்த ரீச்சர் கைப்பந்துக்காரி. சியர்லீடிங் என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியாது. மேல்மாடிக்காரி அந்தக் கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரீச்சர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து, கரும்பலகையில் குச்சி மனிதர்களைக் கீறி, ஆசைப்பட்டுச் சேர்ந்த எங்கள் எட்டுப் பேருக்கும் பாடம் எடுத்தா. கீழே நிற்கிறவள் மேலே நிற்கிறவளை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. மேலே நிற்கிறவள் கீழே பார்க்கவே கூடாது. எட்டுப் பேரில் பாரமே இல்லாதவள் நான். ஆகவே நான்தான் மேலே. என் காலைத் தாங்குகிறவள் மேல்மாடிக்காரி. ரப்பர் மெத்தையின் புளிச்ச மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. எத்தனை தடவை அதில் முகம் குப்புற விழுந்தேன் என்று கணக்கில்லை.

வீட்டில் ‘ஜிம்னாஸ்டிக்’ என்று சொல்லி வைத்திருந்தேன். இந்த நாட்டில் நடக்கத் தொடங்கிய பிள்ளையிலிருந்து பென்ஷன் எடுத்த கிழவர் வரைக்கும் ஜிம்னாஸ்டிக் செய்கிறார்கள். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். நீலமும் வெள்ளையுமான பிளாஸ்டிக் பைகளை வெட்டிக் குஞ்சம் கட்டியபோது அம்மாவே தன் தையல் கத்தரிக்கோலை எடுத்து எனக்கு உதவிக்கு வந்தார். “வடிவாய்க் கிடக்கு. சரஸ்வதி பூசைக்கும் கட்டலாம்” என்றார்.

மே மாதத்தில் எஸ்பியர்க்கில் போட்டி. அதற்குச் சரியாக நாலு வாரம் இருக்கும்போது, ஒரு கணிதப் பாட நேரத்தில், நான் பெரியபிள்ளையாகிவிட்டேன்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு உலகம் முடிந்துபோனது. முந்திய வருஷம் விபோர்க்கில் பெரியம்மாவின் மகளுக்கு நடந்ததைப் பார்த்தவள் நான். பதினொரு நாள் வீட்டை விட்டு வெளியே விடவில்லை. வகுப்போடு போகவேண்டிய சுற்றுலாவும் போச்சு. பிறகு மண்டபம், கண்ணைக் குத்துகிற வீடியோ லைற், தூக்க முடியாத சேலை. நாற்காலியில் இருந்த அவளைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும் “நல்லாய் வளர்ந்திட்டாள்” என்றார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்படிப் பதினொரு நாள் போனால் போட்டியும் போச்சு. கடைசி மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பயிற்சிக்கு வராதவளை மேலே ஏற்ற மாட்டேன் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. என்னை விட்டால் ஏற்றுவதற்கு வேறு ஆளும் இல்லை. எட்டுப் பேரும் எஸ்பியர்க்குக்குப் போக முடியாது.

அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட நேர்ஸ் தந்த நாப்கின் பக்கெற்றைக் குஞ்சப் பைக்குள் அடியில் தள்ளி வைத்தேன். அந்த முதல் தடவை யாருக்கும் தெரியாமல் கடந்துவிட்டது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் அம்மாவுக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது; அது குஞ்சப் பைக்குள்தான் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது, குசினி மேசையில் ஒரு பக்கம் குஞ்சங்கள், ஒரு பக்கம் அந்தப் பக்கெற், நடுவில் அம்மா.

“இது ஆரின்ரை?”

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. “மேல்மாடிக்காரியின்ரை. அவள் தகப்பனுக்குச் சொல்ல வெக்கத்திலை என்னட்டைத் தந்து வைச்சிருக்கிறாள்.”

அம்மாவின் முகம் அப்படியே மாறிப்போனது. நான் ஏச்சை எதிர்பார்த்து நின்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ, தாயில்லாத பிள்ளையெல்லே! அந்த ஆம்பிளையிட்டை அது என்னெண்டு சொல்லும்? ஒரு முட்டை குடுக்கக்கூட ஆளில்லாமல் தனிய நிண்டிருக்கு.”

தாயில்லாத பிள்ளை! மேல்மாடிக்காரியின் தாய் கல்லுக்குண்டு போல ஓகூஸ் நகரத்தில் இருந்தா. விவாகரத்து எடுத்துக்கொண்டு போனவ. ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு மகள் அங்கேதான் போய் நிற்பாள். ஆனால் படிக்கட்டில் ஒரு நாளும் தாயைக் காணாத அம்மா, பிள்ளைக்குத் தாய் செத்துப்போனா என்று எப்போதோ தானாகவே முடிவு கட்டியிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. தன் தாயை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து பத்து வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர். அன்றைக்கு யாரை நினைத்து அழுதார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா” என்றார்.

நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். மேல்மாடிக்காரி பெரியவளாகி ஒரு வருஷத்துக்கு மேல். நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“சாப்பாடு கிடைக்குமா?”

“கிடைக்கும்.”

“அப்படியென்றால் சரி.”

கிடைத்தது. எங்கள் பத்தியச் சாப்பாடு உங்களுக்குத் தெரியும்தானே. விடியவெள்ளனப் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றவேண்டும். பிறகு அதே முட்டைக் கோது நிறைய நல்லெண்ணெய். இடுப்பு உரப்புக்கு உழுத்தம்மாக் களி. அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போக முந்தி மேல்மாடிக்காரியை வரச் சொல்லி, கதிரையில் இருத்தி, முட்டையை நீட்டினார். அவள் ஒரே மடக்கில் விழுங்கினாள். எண்ணெய்க்குத்தான் கண் பிதுங்கியது. “உன் அம்மா இதைச் சைக்கிள் செயினுக்கும் போடுவாவா?” என்று டெனிஷில் என்னைக் கேட்டாள். “பிள்ளை என்னவாம்?” என்று அம்மா கேட்டார். நல்ல ருசியாம் என்று நான் சொன்னேன். அடுத்த நாள் இரண்டு கோது எண்ணெய் கிடைத்தது.

களி மட்டும் அவளுக்கு உயிர். சட்டியை வழித்து வழித்துத் தின்றாள். ஒரு கிழமை முடிய ரீச்சர் அவளின் தோளைத் தட்டி, “நீ என்ன சாப்பிடுகிறாய்? தூண் மாதிரி நிற்கிறாயே” என்று கேட்டா. நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமையோடு என் சிரிப்பு நின்றது. அம்மா அவளுக்குத் தண்ணீர் வார்க்கப் போவதாகச் சொன்னார். அறுகம்புல்லுக்குப் பதிலாக ஏரிக்கரைப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அவள் நீச்சல் உடுப்போடு எங்கள் குளியலறையில் குந்தியிருந்தாள். அம்மா பாலும் புல்லும் அவள் தலையில் வைத்து, சொம்பால் இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையை எடுத்தார். அது எனக்கென்று எடுத்து வைத்த சேலை. கடதாசிக்குள் கிடந்த அதை நான் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன்.

“உனக்கு வேறை வாங்குவம். அந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம் வாங்கிக் குடுக்க?” என்றார் அம்மா.

சேலையை உடுத்திவிட்டு, பொட்டு வைத்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். “என்ரை குஞ்சு” என்றார். என்னைத் தவிர வேறு யாரையும் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சடங்குக்குப் பயந்து பொய் சொன்னேனோ அதே சடங்கைப் பார்த்துப் பொறாமையில் வயிறு எரிந்தது. சொல்லவும் முடியவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேல்மாடிக்காரி சும்மா இருக்கவில்லை. சேலையோடு நின்றபடியே, “எஸ்பியர்க்குக்கு நீங்களும் வரவேணும்” என்று அம்மாவை அழைத்துவிட்டாள். அம்மா இல்லத்தில் கெஞ்சி அந்தச் சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டார். எனக்குத் தலையில் இடி.

பேருந்தில் அம்மா புளிச்சோற்றுப் பெட்டியோடு முன் சீற்றில் இருந்தார். எஸ்பியர்க் மண்டபத்தில், எங்கள் எட்டுப் பேருடைய வெள்ளைப் பாவாடையையும் கண்டபோது அவருடைய வாய் ஒரு தரம் திறந்து மூடியது. “இதுவோ உங்கடை ஜிம்னாஸ்டிக்?” என்றார். “உள்ளுக்குக் காற்சட்டை போட்டிருக்கிறம்” என்றேன். “இண்டைக்குப் போடு. உன்ரை அப்பாவுக்குக் காட்டாதை” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

உடுப்பு மாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்த கடதாசியில் எங்கள் நேரம் இரண்டு ஐம்பது என்று இருந்தது. இரண்டரை மணிக்கு, பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுகியது. அம்மா தன் காப்பில் கொளுவியிருந்த சட்டைப்பின்னை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

வெள்ளைப் பாவாடையில் கறை. நாலு வாரம் முடிந்திருந்தது. நான் பயிற்சி நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவள், அதை எண்ணவில்லை.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார்.

“எப்ப இருந்து?”

“போன மாசம்.”

“அப்ப அந்தப் பக்கெற்?”

“என்ரை.”

அம்மா ஒரு கணம் சுவரில் சாய்ந்தார். “பொய்க்காரி” என்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் வீட்டுக்குள்ளை வைச்சிருப்பியள்.”

“ஓம்” என்றார். “வைச்சுத்தான் இருப்பன்.”

வெளியே ஒலிபெருக்கியில் எங்களுக்கு முந்திய அணியைக் கூப்பிட்டார்கள். நான் அழத் தொடங்கினேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா தன் கைப்பைக்குள் இருந்த நாப்கின் ஒன்றை என் கையில் திணித்து, பாவாடையைக் கழற்றச் சொன்னார். குழாயைத் திறந்தார். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை கறையைக் கண்டவர்! பச்சைத் தண்ணீரும் கைச் சவர்க்காரமும் போட்டு இரண்டு நிமிஷத்தில் கசக்கி எடுத்தார். கை காயவைக்கிற மெசினுக்குக் கீழே பாவாடையை விரித்துப் பிடித்தார். அது நிற்க நிற்க முழங்கையால் இடித்து இடித்துப் போட்டார்.

அந்த இரைச்சலுக்குள் அவருடைய தோள் குலுங்குவதைக் கண்டு, அழுகிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரிக்கிறார். “ஐயோ கடவுளே! அந்தப் பிள்ளை ஒரு கிழமை பச்சை முட்டை குடிச்சதே! ரெண்டு கோது எண்ணை!” என்று சொல்லி, வாயை முழங்கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். உடனே அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“சிரிக்காதை. வீட்டை போய்க் கதைப்பம்.”

எங்கள் அம்மாமார் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் பாவாடையை அவரே எனக்குக் கட்டிவிட்டார். ஈரம் தெரியாமல் மடித்துச் சட்டைப்பின் குத்தினார். “போ. விழுந்து துலைஞ்சுபோடாதை” என்றார்.

பாட்டு தொடங்கியது. கத்தினோம், குதித்தோம், குஞ்சம் ஆட்டினோம். மேல்மாடிக்காரி “ஒப்!” என்றாள், டெனிஷில் ‘மேலே’. நான் மேலே போனேன். முழங்கால் ஒரு தரம் ஆடியது. அவளுடைய கை ஆடவில்லை. மற்றக் காலைப் பிடித்து உயர்த்தினேன். கீழே பார்க்கக்கூடாது என்பதால் நேரே பார்த்தேன். நேரே படிவரிசையில் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சோற்றுப் பெட்டி, மற்றக் கை நெஞ்சில். சுற்றிவர எல்லாரும் கத்த, அவர் மூச்சு விடாமல் நின்றார். நான் அன்றைக்கு விழவில்லை, என் வயதுக்காரிகளே. விழவே இல்லை.

ஆறு அணிகளில் நாங்கள் ஐந்தாவது. ஆறாவது அணியின் பாட்டுக் கசெட் இடையில் சிக்கிக்கொண்டது. எங்களுக்கு அது போதும். ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டு பேருந்தில் ஏறினோம்.

திரும்பி வரும்போது அம்மா மேல்மாடிக்காரிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். தன் உடைந்த டெனிஷில், “உனக்கு எப்போது?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். “போன வருஷம்” என்றாள். “அம்மா வீட்டில்.”

“உன் அம்மா இருக்கிறாவா?”

“ஓகூஸில். பல் டாக்டர்.”

அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “முட்டையை ஏன் குடித்தாய்?” என்று கேட்டார்.

“இவள் மேலே நிற்கவேணுமே” என்றாள் அவள். பிறகு, “களி இனியும் கிடைக்குமா?” என்று கேட்டாள். அம்மா புளிச்சோற்றை அவளுக்கு முதலில் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை எனக்கு வயிறு எரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளியே இன்னும் நல்ல வெயில். அப்பா, “ஜிம்னாஸ்டிக் என்னமாதிரி?” என்றார். “நல்லாய்த்தான் செய்தவள்” என்றார் அம்மா. என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து விபோர்க்குக்குச் சுழற்றினார்.

“அக்கா, பிள்ளை பெரிசாகிட்டாள்.”

பெரியம்மா தொலைபேசியில் கதைத்தால் காதில் வைத்திருப்பவரைவிட எதிரே நிற்பவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். “எப்ப?” என்றா. ஒரு மாதம் ஒளித்த பெட்டை என்று பெரியம்மாவுக்குத் தெரிந்தால், அடுத்த கிழமை விபோர்க்கிலிருந்து எஸ்பியர்க் வரைக்கும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் தலை காட்ட முடியாது.

“இண்டைக்குத்தான்” என்றார் அம்மா.

“நேரம் சொல்லு. சாத்திரியாருக்குக் குடுக்கவேணும்.”

எங்கள் ஆட்கள் பெண் பெரியவளான நேரத்தை வைத்தும் ஒரு சாதகம் எழுதுவார்கள். நேரம் பிசகினால் பலன் பிசகும் என்று ஐந்து நிமிஷத்துக்குக்கூடச் சண்டை பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டினாலே ஏசுகிற அம்மா, சாத்திரத்தோடு ஒரு நாளும் விளையாடாதவர். அவர் என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“மூண்டு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கேக்கை, அக்கா” என்றார். “நான் மணிக்கூட்டைப் பாத்தனான்.”

அந்த நேரத்தில் நான் மேல்மாடிக்காரியின் உள்ளங்கையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சாதகம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மூன்று மணிக்கு ஏழு நிமிஷம் முந்தி பெரியவளானவளுக்குத் தாயால் ஒரு குறையும் வராது என்று சாத்திரியார் எழுதியிருக்கிறார். அந்த மனிசனுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் பிழையாக எழுதவில்லை.